மச்சாளின் ‘வேண்டாம்’

தட்டை மூடியிருந்த அந்தக் கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஜொகன்னஸ்பேர்க் நகருக்கு வெளியே ஒரு முகாம் திடல். விடிந்து கொஞ்ச நேரம்தான், வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். எங்களை ஏற்றிச் செல்லப்போகும் பெரிய லொறியின் பக்கக் கதவைத் திறந்து அதையே குசினியாக்கியிருந்தார்கள். மடக்குக் கதிரைகளில் வட்டமாக இருபது பேர். எல்லோரும் என் பிள்ளைகளின் வயதுக்காரர், ஜெர்மன்காரரும் ஒல்லாந்தருமாக. தமிழரென்றும் நரைத்தவர்களென்றும் நாங்கள் இருவர்தான். வழிகாட்டி ஒரு பெரிய தாச்சியோடு ஒவ்வொருவரிடமும் வந்து, இன்னும் கொஞ்சம் முட்டைப் பொரியல் போடவா என்று கேட்டார். மச்சாள் தட்டின் மேல் கையை விரித்து வைத்து, “நோ, நோ, தாங்க் யூ” என்றார். கண் மட்டும் தாச்சியில் இருந்தது. வழிகாட்டி சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். மச்சாளின் கை தட்டை விட்டு எழவில்லை. மனிதர் திரும்பி வருவார் என்று அது காத்துக்கொண்டிருந்தது.

இதை வேற்று ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். யாழ்ப்பாணத்து வீடொன்றில் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதல் பதில் வேண்டாம். நாக்கு வறண்டு செத்துக்கொண்டிருந்தாலும் வேண்டாம். இரண்டாம் தரம் கேட்டால், “சும்மா உங்களுக்கேன் கரைச்சல்.” மூன்றாம் தரம் கேட்கிறவர் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் கேட்பார். முதல் தரமே ஓம் என்று தலையாட்டுகிறவரைக் காணாததைக் கண்டவர் என்று பிறகு சொல்லிச் சிரிப்பார்கள். ஒரே தரம் கேட்டுவிட்டு நிறுத்துகிறவரைப் பற்றிச் சிரிக்கக்கூட மாட்டார்கள், மனதில் எழுதி வைத்துக்கொள்வார்கள். மச்சாள் இந்தக் கலையில் பெரிய ஆள். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியிலிருந்த அவருடைய வீட்டுக்குப் போனால் நான் வேண்டாம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாம் தோசை தட்டில் விழுந்திருக்கும். பத்தொன்பது வருடம் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை செய்தார். அங்கேயும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்ட பிள்ளைக்கு மூன்று தரம் கரண்டியை நீட்டி, அப்படி வற்புறுத்தக்கூடாது என்று பொறுப்பாளரிடம் பேச்சு வாங்கியவர். “அந்தப் பிள்ளை நோ எண்டா நோ தானாம், பிள்ளை. என்ன நாடு இது!” என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டார்.

அவர் என் கணவருடைய மூத்த அக்கா. தனி ஆள். சண்டைக் காலத்தில் அந்தக் குடும்பத்திலிருந்து முதலில் வெளிக்கிட்டவர் அவர்தான். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று பொறுப்பெடுத்த ஏஜென்சிக்காரன் அவரை ஜொகன்னஸ்பேர்க்கில் ஒரு வீட்டில் ஏழு மாதம் பூட்டி வைத்திருந்தான். பிறகு எப்படியோ மொன்றியலுக்கு வந்து சேர்ந்து, தம்பியைக் கூப்பிட்டு, தம்பிக்குக் கலியாணம் பேசி என்னையும் கூப்பிட்டார். அந்த ஏழு மாதத்தைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் ஒரேயொரு பகிடிதான். எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் அதைச் சொல்வார். “நான் ஆபிரிக்காவில ஏழு மாதம் இருந்தனான். அங்க நான் கண்ட மிருகம் ஒரு பல்லி.” எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் அவர் அந்தப் பகிடியைத் திருத்தப் புறப்பட்டார். விமானத்தில் இறங்கி ஹோட்டலில் இருந்து பார்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை. றோட்டால் போகவேண்டும், நிலத்தைப் பார்க்கவேண்டும் என்று நின்றார். என் மகள்தான் இணையத்தில் தேடி, ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து பொட்ஸ்வானா, நமீபியா வழியாகக் கேப் டவுன் வரை லொறியில் போய்க் கூடாரத்தில் படுக்கும் மூன்று வாரச் சுற்றுலா ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். என் கணவர், “ஐயோ அக்கா, இடம்பெயர்ந்து கூடாரத்தில படுத்ததே எனக்கு இந்தச் சென்மத்துக்குக் காணும்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் துணைக்குப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புவாண்ட்-கிளேரில் வேலை செய்யும் இடத்தில் லீவு எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடிதான் வெளிக்கிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அவரோடு இருக்க ஆசையாக இருந்தது.

லொறி வாழ்க்கை அவருக்கு என்னைவிடச் சுலபமாகப் பிடிபட்டது. கூடாரத்துக் கம்பிகளைப் பொருத்துவதில் என்னை முந்திவிடுவார். சாப்பிட்ட பிறகு தட்டுகளைத் துடைக்கத் துணி கிடையாது. எல்லோரும் எழுந்து நின்று தட்டையும் கோப்பையையும் காற்றில் வீசி வீசிக் காயவைக்க வேண்டும். “சாமிக்கு விசிறுற மாதிரி இருக்கு” என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையாலும் வீசுவார். வழிகாட்டி சிம்பாப்வேக்காரர். வயதான பெண்களை மரியாதையாக ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார். அவர் பாஷையில் அது அம்மா. மச்சாளுக்குச் சிரிப்புத் தாங்காது. “கலியாணம் கட்டாத என்னை மாமாவாக்கிப் போட்டார், பார்” என்பார்.

ஆனால் அந்த ‘வேண்டாம்’ மட்டும் அவரை விடவில்லை. பொட்ஸ்வானாவில் நாணல் நடுவே தோணியில் போய் ஒரு தீவில் முகாமிட்டிருந்தோம். பின்னேரம் யானை பார்க்க நடந்து போக ஆயத்தமானபோது வழிகாட்டி, “மாமா, வருகிறீர்களா, முகாமில் இருக்கிறீர்களா?” என்று கேட்டார். “நான் இருக்கிறன், நீங்கள் போங்கோ” என்றார் மச்சாள். களைப்பாக்கும் என்று நினைத்து நானும் மற்றவர்களோடு போய்விட்டேன். யானைகளைப் பார்த்தோம். குட்டியும் தாயுமாக ஏழெட்டு, எங்களைச் சட்டை பண்ணாமல் புல் பிடுங்கிக்கொண்டு நின்றன. திரும்பி வந்தபோது மச்சாள் கூடார வாசலில் சப்பாத்தைப் போட்டு, தொப்பி வைத்து, தண்ணீர்ப் போத்தலைத் தோளில் கொழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிக்கிட்டபடியே இரண்டு மணித்தியாலம் இருந்திருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்களுக்கென்ன விசரோ மச்சாள்? போக விருப்பமெண்டா ஓம் எண்டு சொல்லவேண்டியதுதானே!” என்று கத்தினேன். அவர் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டே, “ஒருக்காத்தானே கேட்டவர்” என்றார்.

அடுத்த நாள் முழுவதும் லொறிதான். வளைவே இல்லாத நேர் றோட்டு, இரண்டு பக்கமும் முட்பற்றை, எப்போதாவது றோட்டைக் கடக்கிற கழுதைகள். நேற்றுக் கத்தியது எனக்கு மனதுக்குள் குறுகுறுத்தது. ஏதாவது கதைக்க வேண்டும் என்பதற்காக, ஜொகன்னஸ்பேர்க்கில் இருந்த அந்த வீட்டைப் பற்றிக் கேட்டேன். “இப்ப ஏன் அதுகளை” என்றார். கொஞ்சத் தூரம் போனபின் மறுபடி கேட்டேன். எந்த றோட்டு என்றும் தெரியாது, யன்னலால் ஒரு மரம் தெரிந்தது, அவ்வளவுதான் என்றார். மூன்றாம் தரம் கேட்டேன். அப்போது வெளியே பார்த்தபடி சொன்னார்.

“போன முதல் நாள் ஒருத்தன் பாண் கொண்டு வந்தவன். ஆறு பொம்பிளையள் இருந்தம். எனக்கு நீட்டினான். முன்னப்பின்னத் தெரியாத ஆள், எடுத்த உடனை வாங்கலாமோ? வேண்டாம் எண்டு சொன்னன். அவன் பையைக் கட்டிக்கொண்டு போட்டான். அடுத்த நாள் பின்னேரம்தான் பேந்து வந்தவன். மற்றவை தங்கடையில பிச்சுத் தந்தவை. நான் அதுக்கும் வேண்டாம் எண்டனான், ஆனா அவை விடேல்லை. எங்கட ஆக்கள்தானே.”

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எதையும் சரிப்படுத்தி முடிக்க வேண்டும், அது என் குணம். “இனிமேல் இது வேண்டாம் மச்சாள். இவையிட்டயும் சரி, எங்களுக்கிடையிலயும் சரி, ஒருக்காத்தான் கேள்வி, ஒருக்காத்தான் பதில். மனசில என்ன இருக்கோ அதைச் சொல்லுங்கோ. நானும் அப்பிடியே சொல்லுறன்” என்றேன். “நீர் சொன்னாச் சரி, பிள்ளை. பழகத்தானே வேணும்” என்றார்.

பழகினார். நமீபியாவுக்குள் போனபின் வழிகாட்டி வாயெடுத்தாலே “யெஸ்!” என்று கை தூக்கினார். ஒருநாள் அப்படித் தூக்கிவிட்டு என் பக்கம் குனிந்து, “என்ன கேட்டவர், பிள்ளை?” என்றார். சட்டி பானை கழுவ யார் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார். சிரிப்பில் லொறியே அதிர்ந்தது. செம்மணல் மேட்டில் ஏற யார் வருகிறீர்கள் என்று கேட்டபோதும் அவர்தான் முதல் கை. முக்கால்வாசி ஏறி, மூச்சு வாங்க மணலில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிக் கொட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். “எவ்வளவு பெரிய இடம், பிள்ளை. நான் ஏழு மாதம் எங்க இருந்தனான்?” என்று கேட்டுவிட்டு அழுதார். அந்தச் சுற்றுலாவில் நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

மொன்றியலுக்கு வந்த பிறகும் நான் அந்த ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை. அவருடைய வீட்டில் தோசைக்கரண்டியோடு வந்து கேட்பார். வேண்டாம் என்பேன். கரண்டி அந்தரத்தில் நிற்கும். பிறகு, “ஓம், ஒருக்காத்தான், என்ன?” என்று சிரித்து, தோசையைத் திரும்பக் கல்லுக்குக் கொண்டுபோவார். அவருடைய முகத்தில் அப்போது எதுவோ ஒன்று விழுந்து போவதைக் கண்டிருக்கிறேன். கண்டும், பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முந்திய மாசி மாதம். ஒரு சனிக்கிழமை, பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிபோலத் தொலைபேசியில் எடுத்தேன். குரல் ஒரு மாதிரி இருந்தது. இரவு நித்திரை இல்லை, நெஞ்செரிவு, வாய்வாக்கும் என்றார். “நான் வரட்டோ மச்சாள்?” என்று கேட்டேன். “வேண்டாம் பிள்ளை, இந்தப் பனிக்குள்ள ஏன்? படுத்தெழும்பினாச் சரி” என்றார். அதன் பிறகு பேசாமல் இருந்தார். வைக்கவும் இல்லை. முந்தியென்றால், “சும்மா இருங்கோ, வெளிக்கிட்டிட்டன்” என்று சொல்லியிருப்பேன். எங்கள் வீடு இருக்கும் அஹுன்ட்சிக்கிலிருந்து மெட்ரோவில் ஒரு மாற்றம், அரை மணித்தியாலம். அன்றைக்கு நான், “சரி மச்சாள், பேந்து எடுக்கிறன்” என்றேன். “ஓம், ஓம்” என்று சொல்லி வைத்துவிட்டார். அவருடைய சொல்லுக்கு மரியாதை கொடுத்தேன் என்றுதான் எனக்குப் பட்டது.

மூன்று மணிக்கு எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கணவருக்குச் சொல்ல, அவர் வேலை இடத்திலிருந்து நேரே போனார். மாரடைப்பு, மத்தியானமளவிலேயே உயிர் போயிருக்கலாம் என்றார்கள். நான் பதினொரு மணிக்கே அங்கே இருந்திருப்பேன். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். அவர்தானே வேண்டாம் என்றவர், நீங்கள் என்ன செய்வது என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். எங்கள் ஆட்களே அப்படிச் சொல்கிறார்கள். இப்போது நான் எல்லோரிடமும் மூன்று தரம் கேட்கிறேன். மகள், “அம்மா, நோ எண்டா நோ!” என்று எரிந்து விழுகிறாள். விழட்டும்.

போன கிழமை சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு நாளும் தோன்றாத ஒரு கேள்வி தோன்றியது. மச்சாள் தனியாக இருந்தவர் என்பதால், வீட்டுக்குள் இருக்கும்போது கதவின் உள்பக்கச் சங்கிலியைப் போட்டுத்தான் வைத்திருப்பார். பகலிலும் அப்படித்தான். யாராவது வருவதாகச் சொன்னால் மட்டும் முன்கூட்டியே கழற்றி வைப்பார். என் கணவரிடம் அவர் வீட்டுக் கதவின் திறப்பு ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் திறப்பால் சங்கிலியைக் கழற்ற முடியாது.

“இஞ்சேருங்கோ, அண்டைக்கு எப்பிடி உள்ளுக்குப் போனனீங்கள்?” என்று கேட்டேன். திறப்பால்தான் என்றார். மறுபடி கேட்டேன். இப்ப ஏன் அதை, சாப்பிடும் என்றார். மூன்றாம் தரமும் கேட்டேன். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். இரண்டு வருடம் எனக்கு ஒளித்து வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னார். சங்கிலி கழற்றியிருந்ததாம். கதவே பூட்டியிருக்கவில்லையாம். மச்சாள் வாசலைப் பார்த்தபடி செற்றியில் சாய்ந்திருந்தாராம். என்னிடம் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டு, நெஞ்சு நோவோடு எழும்பிப் போய், நான் வருவேன் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.