மாமா பிடித்து வந்த கார்

எங்கள் மாமாவுக்குத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வைத்திருந்த பெயர்கள் பல. சொகுசுக்காரன் என்பது அவற்றில் மரியாதையானது. மினுக்கன், பவுசுக்காரன், ஊதாரி, உல்லாசப் பேர்வழி என்று மற்றவையெல்லாம் சொல்கிறவரின் கோபத்துக்குத் தக்கபடி வரும். அம்மாவின் தம்பியான அவர் கல்யாணம் கட்டாதவர். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பாதையில் இருந்த எங்கள் தோட்டத்தில், நாங்கள் இருந்த லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், தனியாகக் குடியிருந்தார். ஊரெல்லாம் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிக்கும். அவர் மட்டும் சீனியைக் கோப்பைக்குள்ளேயே போட்டு, கரண்டி கிணுகிணுக்கக் கலக்கிக் குடிப்பார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகிற நாளிலும் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொள்வார். தன் உடம்பைத் தானே மடியில் வைத்துச் சீராட்டுகிற மனுசன் என்று அப்பா குறைபடுவார். எனக்கோ அவரைப் பார்த்தால் திறந்த வாய் மூடாது. எட்டு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே ராஜா அவர்தான்.

ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கும் போகிற முறை வந்தது. கப்பலேறப் போகிறவர்கள் கடைசியாக ஒருமுறை பதுளைக் கடைவீதிக்குப் போய்த் தகரப்பெட்டி, கம்பளி, சவர்க்காரம் என்று வாங்கி வருவது வழக்கம். மாமாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். மத்தியானம் லயத்துக்குக் கீழே ஹார்ன் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். பெட்டியும் இல்லை, கம்பளியும் இல்லை. கறுப்பு மொறிஸ் மைனர் வாடகைக் கார் ஒன்றின் பின் சீட்டில், கப்பலை விலைக்கு வாங்கியவர் போல மாமா சாய்ந்திருந்தார்.

“என்னடா கூத்து இது?” என்றாள் அம்மா.

“ஏறுக்கா. தோட்டத்த ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். பொறந்ததுல இருந்து நடந்தே தேஞ்சிட்டோம்.”

அம்மா தயங்கினாள். அதற்குக் காரணம் இருந்தது. என் அண்ணனுக்குப் பேர் பதிய வேண்டிய சமயம் அது. பேர் பதிந்தால்தான் தோட்டத்தில் நிரந்தரமாக வேலை கிடைக்கும். பதிவதும் பதியாமல் இழுத்தடிப்பதும் தோட்டத்து மேனேஜரான துரையின் மனம் போல.

“பெரியவனுக்குப் பேர் பதியிற நேரம். தொர கண்ணுல பட்டா வம்புடா.”

“ஞாயித்துக்கெழம தொர தூங்குவாரு. நீ ஏறு.”

அப்பா விறகு பிளக்க வேண்டும் என்று சொல்லி நழுவிவிட்டார். அம்மா குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, கோயிலுக்குள் போகிறவள் போலச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏறினாள். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

அப்படி ஓர் அதிசயத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை. தினமும் அம்மா கூடையோடு மூச்சு வாங்க ஏறுகிற மலை, நாங்கள் உட்கார்ந்திருக்க, தானாகக் கீழே இறங்கிப் போனது. தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக எங்களுக்கு வழிவிட்டன. முதலில் முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்த அம்மா, கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். அம்மாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. மாமா வெளியே பார்த்தபடி மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து ரோட்டில் துரையின் வண்டி வந்தால், நடந்து போகிறவர்கள் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். மழை பெய்தாலும் குடையை மடக்கிவிட வேண்டும். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட வேண்டும். நடை பழகும்போதே இதையும் பழகிவிடுவோம். காரில் போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. எங்களில் யாரும் காரில் போனதில்லையே.

தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு மேலே இருந்த வளைவுக்கு வந்தபோது தூறல் விழத் தொடங்கியது. பதுளை முஸ்லிமான டிரைவர் நானா, “தொரைட ஜீப்பு போல” என்று சொல்லி, காரை மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார்.

நிறுத்தியதுதான் தாமதம், அம்மா கதவைத் தள்ளித் திறந்து இறங்கினாள். நேரே கானுக்குள் போய் நின்றாள். கையில் குடை மடக்கியபடியே இருந்தது. தலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“எறங்குடி பாப்பா” என்றாள்.

மாமா என் தோளில் கை போட்டார். “நீ இரும்மா.”

நான் இருந்தேன். ஜீப் வந்து பக்கத்தில் நின்றது. துரை கானைப் பார்த்தார், காரைப் பார்த்தார். நான் சீட்டோடு ஒண்டிக்கொண்டேன். மாமாவோ கால்மேல் போட்டிருந்த காலை எடுக்கவில்லை. தோட்டத்தில் துரைக்கு முன்னால் ஒரு தமிழன் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். மலை சரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்றும் சரியவில்லை.

“வணக்கங்க தொர” என்றார் மாமா, சீட்டில் சாய்ந்தபடியே.

துரை கானின் பக்கம் திரும்பினார். அம்மாவிடம், “யாரு?” என்றார்.

“தம்பிங்க. அடுத்த கெழம இந்தியாவுக்குப் போறானுங்க.”

“நீயும் போறதா?”

“இல்லீங்க. நாங்க இங்கதாங்க.”

துரை தலையை ஒருதரம் அசைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா மறுபடி ஏறினாள். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது, பாதமெல்லாம் சேறு. சீட் நனையாமல் இருக்க ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள்.

“என்னக்கா நீ, நம்ம காருல இருந்துகிட்டு எதுக்கு எறங்கின?” என்று மாமா கேட்டார். அம்மா என் தலையைத் தடவினாள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு மாமாவின் பக்கம் சாய்ந்துகொண்டேன்.

மாமாவைப் பதுளை ஸ்டேஷனில் ரயிலேற்றி அனுப்பிய சில நாட்களில், அண்ணனுக்குப் பேர் பதிந்துவிட்டார்கள். எனக்குக் காரணம் பளிச்சென்று விளங்கிவிட்டது. மாமா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்துத் துரை பயந்துபோயிருக்கிறார்! அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஆமாடி. ஒங்க மாமான்னா சும்மாவா?” என்று சொல்லிவிட்டு மறுபடி அடுப்பை ஊதினாள்.

கானில் நனைந்து நின்றதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் லயம் முழுக்க ஓடி மாமாவின் வீரத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.