நிக்குதா?

இது நடந்தது. அப்போது நான் தூங்கவில்லை, காய்ச்சலிலும் இல்லை. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தவள்தான். அது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், கொட்டகைத் தகரத்தில் கை வைத்தால் சுடும் வெயில். நேரங்களை ஒரு நிமிடம்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

என் கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் மூன்று வருடமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டே சீட்டு. "உனக்கும் எனக்கும்தான். உங்க அண்ணன் பஸ்ல வரட்டும்" என்பார். பழைய வண்டி ஒன்றின் சேஸிஸை, அதாவது காரின் இரும்பு அடிச்சட்டத்தை, ஆறு பேர் முக்கி முனகித் தூக்கிவந்து உள்ளே வைத்தார்கள். அதன் அடியில் படுத்துத்தான் பாதி வேலை.

அதில் மட்டும் அவர் கறார். "ஜாக்கி தூக்குறதுக்கு. தாங்குறதுக்கு இல்ல." ஜாக்கியால் உயர்த்தி, நான்கு மூலையிலும் இரும்பு ஸ்டாண்டு வைத்து, அவற்றின் மேல் சட்டத்தை இறக்குவார். பிறகு நான் போய் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துப் பலமாக ஆட்ட வேண்டும். அவர் பக்கத்தில் நின்று "நிக்குதா?" என்று கேட்பார். நான் "நிக்குது" என்ற பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு அடியில் போவார்.

"ஏன், நீங்களே ஆட்டினா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு அவசரம். உனக்கு பயம். பயந்தவங்க ஆட்டினாத்தான் சரியா இருக்கும், சூப்பர்வைசரம்மா."

முதல் வருடம் ஒழுங்காக ஆட்டினேன். அப்புறம் அடுப்பில் எப்போதும் ஏதாவது இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே கொட்டகை. நேற்று நின்றது இன்றும் நிற்கும் என்று, அங்கிருந்தே "நிக்குது!" என்று குரல் கொடுத்துவிடுவேன். முதலில் திட்டினார். பிறகு அவருக்கும் பழகிப்போயிற்று.

அன்று மதியம் 2.20. அவருடைய பிரஷர் மாத்திரை வாங்கக் கிளம்பினேன். கடை இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி.

"இன்னிக்கு ஸ்டாண்டை எல்லாம் இடம் மாத்தியிருக்கீங்க. நான் வந்து ஆட்டிப் பாக்குற வரைக்கும் அடியில போகாதீங்க."

"சூப்பர்வைசர் இல்லாம உள்ள போனா என் வேலை போயிடும், தாயே. போயிட்டு வா."

திரும்பியபோது 3.40. பாலை அடுப்பில் வைத்தேன். கொட்டகையில் ரேடியோ பாடவில்லை. அது ஓடாமல் அவர் ஒரு திருகாணிகூட முடுக்கமாட்டார். அசந்து தூங்குகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

3.46.

"நிக்குதா?"

பால் பொங்கி மேலே வந்தது. "நிக்குது!" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்று ஆட்ட வேண்டும் என்று சொன்னவளே நான்தான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அடுப்பை அணைத்தேன்.

"நிக்குதா?"

மறுபடியும். அவர் இரண்டு முறை கேட்கிறவரில்லை.

"இருங்க, வர்றேன். உள்ள போயிடாதீங்க."

டங்... டங்... ஸ்பேனரால் இரும்பைத் தட்டும் சத்தம்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கொட்டகை வாசலில் செருப்பு கழற்றிப் போட்டபடி கிடந்தது.

அந்தக் கேள்வியை அவர் நின்றுகொண்டுதான் கேட்பார். இந்தக் குரல் தரையிலிருந்து வந்தது.

ஓடினேன்.

முன்பக்க இடது ஸ்டாண்டு சாய்ந்து கிடந்தது. சிமெண்டுத் தரை முடிந்து மண் தொடங்கும் இடத்தில், பலகைத் துண்டு ஒன்றின் மேல் அதை வைத்திருக்கிறார். பலகை பிளந்திருந்தது. ரேடியோ ஒயர் சட்டத்துக்கடியில் சிக்கி அறுந்திருந்தது. ஒரே ஒருமுறை ஆட்டியிருந்தால்...

சட்டம் அவர் நெஞ்சின் மேல் இருந்தது.

பாதத்தைப் பிடித்தேன். அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

ஸ்பேனர் சுவரோரம் கிடந்தது. அவர் கைக்கு எட்டாத தூரம்.

பாதம் அசையவில்லை. உதடும் அசையவில்லை.

அடியிலிருந்து...

"நிக்குதா?"

கொட்டகைக் கடிகாரத்தில் 3.49.

கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினேன்.

"மூணு மணிக்கே உயிர் போயிருக்கும்மா. நீங்க வந்து பாத்தப்ப ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் பார்க்காமலே சொன்ன "நிக்குது" அவரைக் கொல்லவில்லை. அதைச் சொன்னபோது அவர் இறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவ்வளவு சொல்லிவிட்டுப் போயும், நான் இல்லாமல் ஏன் அடியில் போனார்?

ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டில் துணி தைக்கும் அக்கா வந்தார். அவருடைய தையல் மெஷின் எங்கள் மதிலை ஒட்டிய அறையில் இருக்கிறது. தண்ணீர் வேண்டாம் என்றார். முந்தானையைச் சுருட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்காதடி."

"கேளுங்கக்கா."

"அன்னிக்கு நீ ஆட்டிப் பாத்துட்டுத்தானே சொன்ன?"

"என்னிக்குக்கா?"

"அதான்... அன்னிக்கு. மூணு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும். அவர் நிக்குதான்னு கேட்டாரு. நீ ஜன்னல்லேருந்து நிக்குதுன்னு கத்தின, எப்பவும் போல. உன் குரல் எனக்குத் தெரியாதா? அப்புறம் தடால்னு ஒரு சத்தம். அவர் எந்நேரமும் எதையாவது போட்டுக்கிட்டே இருப்பாரேன்னு... எழுந்து பாக்காம இருந்துட்டேன்டி."

அந்த மாத்திரைக் கவரை நான் இன்னும் பிரிக்கவில்லை. அக்கா அழுது முடிக்கும்வரை காத்திருந்து, எழுந்து போய் அலமாரியில் இருந்து எடுத்தேன். கவரோடு சேர்த்துப் பின் அடித்திருந்த பில்லில், கடை மெஷின் அச்சடித்த நேரம் இருந்தது.

2.56.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பில்லை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். அதைக் காட்டி என்ன ஆகப்போகிறது? அந்த ஜன்னலிலிருந்து வரும் பதிலை நம்புவதற்கு என் கணவரைப் பழக்கியவள் நான். குரலும் என்னுடையது.

"இல்லக்கா," என்றேன். "ஆட்டிப் பாக்கல."