திறந்தவர் சொல்ல வேண்டும்

பக்கவாட்டு மூடி கழன்ற ஒரு பழைய கணினிப் பெட்டிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. உள்ளிருந்த காற்றாடி செத்துப்போனதால், மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருப்போம். எங்களுக்குக் காற்று வராது. ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில், என் சிநேகிதியின் வீட்டுப் பின்னறை அது. நான் இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டுவிட்டு, கழித்துப்போட்ட கணினிகளைப் பிரித்து விற்கும் அம்பத்தூர் கடை ஒன்றில் இருந்தேன். அவள் நசரத்பேட்டைப் பக்கம் அதே கல்லூரியில் தொடர்ந்து படித்தாள். சைபர் பாதுகாப்பு அங்கே ஒரு பாடம். ஆனால் கரும்பலகையில் மட்டும். கையால் செய்து பார்க்காமல் இது வராது என்றாள். பெட்டிகளை நான் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வகுப்புக்காரர்கள் வருவார்கள். ஒருவர் தமக்குத் தெரிந்த பாதுகாப்பையெல்லாம் போட்டு ஒரு பெட்டியைப் பூட்டுவார். இன்னொருவர் உள்ளே நுழையப் பார்ப்பார். நுழைந்துவிட்டால், வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் பூட்டியவரிடமே வழியைக் காட்டி, இருவரும் சேர்ந்து அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். சிநேகிதி வைத்திருந்த ஒரே விதி அது. அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர். கதவருகே நின்று என்னிடம், "ஏலே, என் வீட்டு கரண்டுலயே திருடப் படிக்கியா?" என்பார்.

"திருடன் சொல்லிகினா போவான் நைனா?"

"நைனாவாம். மெட்ராஸ்காரப் பயலுக்கு மரியாதயப் பாரு" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

கடைசிப் பருவத்தில் ஒருநாள் அவள் கல்லூரி இணையதளத்தில் தன் மதிப்பெண்ணைப் பார்த்தாள். முகவரியின் வாலில் அவளுடைய பதிவெண் இருந்தது. அதில் ஓர் எண்ணை மாற்றினாள். வேறொரு மாணவியின் மதிப்பெண்ணும் வீட்டு விலாசமும் திறந்துகொண்டன. மறுநாள் காலையே முதல்வரின் அறைக்குப் போய் அதைச் செய்து காட்டினாள். பூட்டியவரிடம் போய்ச் சொல்வது எங்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது. தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பது மட்டும் பழகவில்லை; அந்தப் பின்னறையில் எல்லாப் பெட்டிகளும் எங்களுடையவை.

முதல்வர் ஓட்டையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "உனக்கு யார் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார். தேர்வுக்கான அனுமதிச் சீட்டை நிறுத்திவைத்தார்கள். அவள் அப்பா வேலைச் சீருடையோடு வந்து அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூடப் போயிருந்த என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன், யாருக்கும் சொல்லிக் கொடுக்கவும் மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தேர்வு எழுதலாம் என்றார்கள்.

"முதல்லது சரி. ரெண்டாவது எதுக்குடா?" என்று என்னிடம் கேட்டாள்.

"போட்டுத் தொலை. நான் ஒருத்தன் அரகொறையா நிக்கிறது பத்தாதா?" என்றேன்.

போட்டாள். தேர்வு எழுதித் தேறினாள். ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. பெட்டிகளைத் திரும்பக் கடையில் சேர்த்துவிட்டு நான் ஓசூர், கோவை என்று கிளம்பிப் போனேன்.

இப்போது அவள் அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறாள். பிறர் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய கணினிகளுக்குள் நுழைந்து, வழியைச் சொல்வதுதான் வேலை. அண்மையில் அதே கல்லூரி அவளைப் பேச அழைத்தது. ஊருக்கு வந்திருந்த நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "கையால செஞ்சு பாக்கணும்னா எங்கக்கா போறது? உங்க ஊட்டாண்ட வர்லாமா?"

அரங்கம் சிரித்தது. இவளும் சிரித்தாள், தண்ணீர் குடித்தாள், அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

திரும்பும் பேருந்தில் கேட்டேன். "வான்னு சொல்லிருக்கலாமே, இன்னாத்துக்கு முழுங்கின?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்டா."

"அது அப்போ, படிக்கசொல்ல போட்டது."

"எதுவரைக்கும்னு அதுல எழுதல."

பூந்தமல்லி வரும்வரை ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.