இன்னொரு கைப்பிடி

"கொட்டிடு," என்றான் ஷுன். "கொட்டிட்டுத் தண்ணியத் தொறந்து விடு. பஸ் ஸ்டாண்டுல எதையோ தின்னுருப்பாங்கன்னு போயிடும்."

அவன் மனைவி லியுமெய் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். மதியம் விருந்தாளிகளுக்கு வைத்த காளான் குழம்பில் ஒரு கரண்டி. ஒவ்வொரு சட்டியிலிருந்தும் அப்படி எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். யாருக்காவது உடம்புக்கு வந்தால் டாக்டர் பார்க்க.

"நெசமாவே வேகலையா?" என்று கேட்டான்.

"நான்தானே போட்டேன்."

மழைக்காலத்தில் குன்மிங் நகரத்துக்கு வருகிறவர்கள், கல்தூண்கள் மரங்கள்போல் நிற்கும் கற்காட்டைப் பார்த்துவிட்டுக் காளான் தின்ன இந்த மண்சுவர் விடுதியில் இரண்டு நாள் தங்குவார்கள். தொட்ட இடமெல்லாம் நீலமாகிற காளான்; இருபத்தைந்து நிமிடம் வேகாவிட்டால் விஷம். பத்தொன்பது வருஷமாகச் சட்டியருகே கடிகாரத்தை வைப்பவள் லியுமெய். மணி அடிக்கும்வரை சாப்பாட்டுக் குச்சிகள் அவள் மடியில் இருக்கும். யார் கெஞ்சினாலும் கொடுத்ததில்லை. அவள் தங்கை ஒன்பது வயதில் வேகாத துண்டு ஒன்றைத் தின்றுவிட்டு, சுவரில் விரல் உயர ஆட்கள் ஏறுகிறார்கள் என்று சிரித்தாள். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. நான்காம் நாள் அவளும் இல்லை.

இன்று மனைவியோடு வந்து தங்கியிருந்த சியாவ் வாத்தியார் சட்டியை எட்டிப் பார்த்து, "இன்னொரு கைப்பிடி போடும்மா, கஞ்சன் வீட்டு விருந்து மாதிரி இருக்கே," என்றார். இருபது நிமிடம் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே போட்டாள். கடிகாரத்தைத் திருப்பி வைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. குச்சிகளைக் கொடுத்தாள். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. அதற்குள் வாத்தியாரும் மனைவியும் கற்காட்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். அவருக்குப் போன் செய்தாள். மாடி அறையில் அடித்தது.

கிண்ணத்தை மூடித் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் மாட்டினாள்.

"கடையவே மூட வெக்கப் போற," என்றான் ஷுன்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். கற்காட்டுக்குப் பதினாலு கிலோமீட்டர். எதிரே ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பார்த்தாள். வராததும் பயமாக இருந்தது.

கல்தூண்களுக்கு நடுவே, ஒரு குளத்தின் ஓரத்தில் இருந்தார்கள்.

"வா லியுமெய்! அந்தக் கல்லு உச்சியில பாரு, ஒருத்தன் துணி காயப்போடுறான்," என்றார் வாத்தியார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வந்ததுலேருந்து இதே பேச்சும்மா. அந்தக் கல்லு யானையாம். இந்தக் கல்லு எங்க அம்மாவாம்."

"மூக்கப் பாரேன், அப்படியே இல்ல?"

இங்கே வருகிற எல்லாருமே கல்லில் முகம் தேடுகிறவர்கள்தான். வாத்தியாரும் வேடிக்கையாகப் பேசுகிறவர். லியுமெய் அவர் கண்ணைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"எத்தனை பேரு தெரியுறாங்க ஐயா?"

"ஒருத்தன்தான். இரு, பொண்டாட்டியும் வந்துட்டா. சின்ன உருவம். உன் விரல் உயரந்தான் இருப்பாங்க."

மனைவி சிரித்தாள். லியுமெய் தன் விரலைப் பார்த்தாள். வெறும் விளையாட்டாக இருந்தால்? வாயைத் திறந்தால் விடுதி போய்விடும்.

"ஐயா, கடைசியா நான் போட்ட கைப்பிடி வேகல. என் தப்பு. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது. வாத்தியார் மறுபடியும் உச்சியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ அவங்க அங்க இல்லையா?" என்றார் மெல்ல.

மறுநாள் காலை இரண்டு அதிகாரிகள் வந்து சமையலறைக்குச் சீல் வைத்தார்கள். ஷுன் கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. மேல்மாடியில் தங்கியிருந்த மூன்று பேர் அறையைக் காலி செய்தார்கள். லியுமெய் பதினோரு மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாத்தியாருக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மனைவிக்கு வாந்தி மட்டும்தான். கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்ததாக நர்ஸ் சொன்னாள். ஈரலைப் பற்றி இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அவளை உள்ளே விடவில்லை. மூன்று மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மழை வந்தது.