நான்கு ஒப்புதல்களைக் குறைத்த காளியம்மாள்

காளியம்மாள் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. அந்த வருத்தம் இருக்கிறது, இருக்கட்டும். அன்று காலை விருதுநகரிலிருந்து கிளம்ப வேண்டிய ஒரு லோடைச் சரிபார்க்க, கணினி போட்ட குலுக்கலில் அவர் வேலை பார்த்த ஏழாயிரம்பண்ணை ஆலை வந்திருந்தது. இரண்டு நிமிடத்தில் பதில் இல்லை. பொறுப்பு தானாகவே அடுத்த ஆலைக்குப் போனது, லோடும் கிளம்பிவிட்டது. பதில் போடாமல் இருக்கிற ஆள் இல்லையே என்று போன் செய்தேன். மருமகள் எடுத்தாள். "அத்தை விடியக்காலம் போய்ட்டாக, பெரியப்பா. நெஞ்சு வலிக்குதுன்னாக, அம்புட்டுதான்."

நான் முதலில் செய்த ஏற்பாடாக இருந்திருந்தால் அந்த லோடு நின்றிருக்கும். அவருடைய ஏற்பாடு, நிற்கவில்லை.

இந்த நினைவுக் குறிப்பைப் படிப்பவர்களில், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏழு பட்டாசு ஆலைகளுக்குப் போகும் வெடிமருந்துப் பொருட்களின் ஒவ்வொரு கைமாற்றையும் பிளாக்செயின் என்னும் கணினிப் பதிவுச் சங்கிலியில் பதிகிறோம். ஒருவர் பதிந்ததை மற்றவர்கள் சரிபார்த்து ஒப்புதல் தந்தால்தான் அது சங்கிலியில் ஏறும். ஏறியதை எவராலும் திருத்த முடியாது. அதை எழுதியவன் நான். மிளகாய் வற்றல் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே, ஐம்பது வயதுக்குமேல், நானாகப் படித்து எழுதினேன். பட்டம் இல்லையே என்று சிரித்த பொறியாளர்களை இன்னும் மன்னிக்கவில்லை. ஏழு ஆலைகளும் ஒப்புதல் தர வேண்டும் என்பது நான் வைத்த சட்டம்.

காளியம்மாள் மருந்து அறையில் வேலை செய்து போர்மேன் ஆனவர். முதல் கூட்டத்திலேயே எழுந்து கேட்டார்: "ஏழு பேரும் பாத்து முடிக்கிற வரைக்கும் வண்டி வெயில்ல நிக்குதே, அண்ணாச்சி. வெயிலு உங்க சட்டத்தைப் படிச்சிருக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சட்டத்தை மாற்றவில்லை.

ஒரு சித்திரையில், கோடை மழைக்கு மறுநாள், அவர் ஆலைக்கு அலுமினியப் பவுடர் டிரம்கள் வந்தன. ஏழு ஒப்புதலும் ஏறியிருந்தன. இறக்கியதும் புறங்கையால் ஒவ்வொரு டிரம்மையும் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். வெயிலில் வந்ததால் எல்லாம் சுட்டன. நிழலில் வைத்து அரைமணி நேரம் பொறுத்தார். மற்றவை ஆறின, ஒன்று மட்டும் ஆறவில்லை. உள்ளே மழை ஈரம் இறங்கி, பவுடர் தானாகச் சூடேறிக்கொண்டிருந்தது. வேலையில் இருந்த பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, அந்த டிரம்மைப் பொட்டலில் தனியே வைத்துச் சுற்றிலும் காய்ந்த மணலைக் கொட்டச் சொன்னார். மத்தியானம் அது தானாகப் பற்றி எரிந்து தணிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. மருந்து அறைக்குள் போயிருந்தால் இந்தப் பக்கத்தை வேறுவிதமாக எழுதியிருப்பேன்.

பதிவோடு வந்த படத்தில் அந்த டிரம்மின் சீல் உடைந்திருந்தது அப்பட்டமாகத் தெரிந்தது. ஏழு பேரில் ஒருவருக்குக்கூடவா தெரியவில்லை? மறுநாள் காளியம்மாள் என்னை லாரி ஆபீசுக்கு வரச் சொன்னார். மேசையில் ஏழு போன்கள், சீட்டுக்கட்டைப் பரப்பியதுபோல. பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆகவே ஒப்புதல் தரும் போன்களை ஏழு ஆலைகளும் லாரி ஆபீஸ் குமாஸ்தாவிடம் கொடுத்துவைத்திருந்தன. வண்டி வெயிலில் காயக்கூடாதென்று அந்தக் குமாஸ்தா படத்தைப் பார்க்காமலே ஏழு ஒப்புதலையும் வரிசையாக அமுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏழு பேரு பாத்தாகன்னீகளே, அண்ணாச்சி. ஏழு சட்டை போட்ட ஒரே ஆளுல்லா பாத்திருக்காரு."

குமாஸ்தாவை நான் திட்டினேன். காளியம்மாள் தடுத்தார். "காக்க வச்சா மனுசன் குறுக்கு வழிதான் தேடுவான். நேர் வழியச் சுருக்குங்க."

அவர் சொன்னது இது: மூன்று ஒப்புதல் போதும், எந்த மூன்று ஆலை என்பதைப் பதிவு முடிந்த பிறகே குலுக்கிப் போட வேண்டும், போன் அந்தந்த ஆலையின் வாசல் அறையில் இருந்தால்தான் ஒப்புதல் ஏற வேண்டும், இரண்டு நிமிடத்தில் பதில் வராவிட்டால் பொறுப்பு அடுத்த ஆலைக்குப் போக வேண்டும்.

"மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்தால்?" என்றேன்.

"எந்த மூணுன்னு தெரிஞ்சாதான தப்புப் பண்றவன் சரிக்கட்டப் போவான்?"

கணக்கு சரிதான். ஆனாலும் சம்மதிக்க எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் எந்த டிரம்மும் பற்றி எரியாதது என் சாமர்த்தியம் அல்ல, அவருடைய புறங்கை. மாற்றியபின் வண்டிகள் வெயிலில் நிற்பது ஒழிந்தது. உடைந்த சீல்கள் விருதுநகரிலேயே பிடிபட்டன. ஆலைக்காரர்கள் கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். "நல்ல கனமா இருக்கு, மார்கழிக்கு ஆகும்" என்று அவர் சிரித்தார். அது அவருக்குரியது என்று அன்று நான் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

ஆனால் என் சட்டத்தை நான் முழுக்க விட்டுவிடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை, மூன்று பேர் ஒப்புதல் தந்த பதிவுகளையெல்லாம் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து, மீதி நான்கு பேருக்கும் சேர்த்து நானே சரிபார்க்கிறேன். அவருக்கும் அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "என்ன அண்ணாச்சி, தப்பு ஏதாவது ஆப்புட்டுச்சா?" இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் அந்தப் பக்கம் காத்திருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான். இந்த ஞாயிறும் உட்கார்ந்து, எல்லாப் பதிவையும் பார்த்து முடித்தேன்.

ஒண்ணும் ஆப்புடலை, காளியம்மா.