வயிற்றில் வைத்த வழி

சத்திர சிகிச்சை வாட்டில் ஒப்பரேசன் முடிந்து மயக்கம் தெளிகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போர்வையை விலக்கித் தங்கள் தையலைத்தான் பார்ப்பார்கள். வவுணதீவிலிருந்து வந்திருந்த அந்த அக்கா பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்.

ஐம்பது வயது தாண்டியிராது. புருசனோடு சேர்ந்து வயல் செய்து, மாடு வளர்த்து வாழ்ந்தவர். வெள்ளாமை வெட்டு நேரம் என்று வயிற்றுவலியைப் பொறுத்துக்கொண்டே வயல் வட்டையில் நின்றிருக்கிறார். வயிறு ஊதி, வாந்தி நிற்காமல் போன பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்கள். குடலை அடைத்திருந்த கட்டியை அன்றே வெட்டி எடுத்தார்கள். மீதிக் குடலின் நுனியை இடப்பக்க வயிற்றால் வெளியே எடுத்துத் தைத்து, மலம் வந்து சேர அதன்மேல் ஒரு பை ஒட்டியிருந்தது.

வாட்டில் தாதியாக இருந்த எனக்குத்தான் பையை மாற்றும் வேலை. உதட்டின் உட்பக்கம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும் அந்த இடத்தைத் தொட்டால் நோகாது என்று சொன்னேன். அவர் கண்ணைத் திறக்கவேயில்லை. கஞ்சியிலும் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

“சாப்பிடாட்டிப் புண் ஆறாது அக்கா.”

“சாப்பிட்டா இது நிறையுமே மிஸ்ஸி. உங்களுக்குத்தானே கரைச்சல்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அவருக்கு இதச் சொல்லிப்போடாதங்க. கட்டி எடுத்ததெண்டு மட்டும் தெரிஞ்சாப் போதும்” என்றார்.

புருசன் நாள் தவறாமல் மத்தியான பஸ்ஸில் வருவார். அதிகம் பேசாத மனிதர். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எந்த மாடு எவ்வளவு கறந்தது என்பதைச் சொல்வார். அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். வாடை வந்துவிடுமோ என்ற பயத்தில், “பஸ் போயிரும், வெளிக்கிடுங்க” என்று சீக்கிரமே அனுப்பிவிடுவார்.

ஒருநாள் அவர் நிற்கும்போதே அக்கா எழும்பி உட்காரப் பார்த்தார். பை ஒரு பக்கம் கழன்று, போர்வையெல்லாம் நனைந்தது. நான் ஓடிப்போய்த் திரையை இழுத்தேன்.

“அவர வெளியால போகச் சொல்லுங்க மிஸ்ஸி” என்று அழுதார்.

புருசன் போனார்தான். ஆனால் தண்ணீர்க் குழாயில் கை கழுவிக்கொண்டு திரும்பி வந்து, திரைக்குள் நுழைந்தார்.

“எந்தப் பக்கத்தால துடைக்கிற மிஸ்ஸி?”

நான் கையுறையைக் கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துக் காட்டினேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். புருசன் மெதுவாக, அவசரமில்லாமல் துடைத்தார்.

“டொக்டர் அண்டைக்கே எனக்கிட்டச் சொன்னவர் புள்ள. நீ சொல்லுவாய் எண்டுதான் இருந்தன்.”

துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தார்.

“மாடு கண்டு போட்டா நான்தானே துடைக்கிற. உன்னத் துடைக்க ஏலாதா?”

“என்ன மாட்டோடயா சேக்கிறீங்க?” என்று முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. அழுகையும் சிரிப்புமாய் வந்த குரல். சிரிப்பை அடக்கமுடியாமல், தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்று பின்னேரம் சோறு கேட்டுச் சாப்பிட்டார். வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டும் நாள் வருவதற்குள், பையின் வாயை அளவாக வெட்டி ஒட்ட இருவரும் பழகிவிட்டார்கள்.

பிறகு கொஞ்சக் காலத்தில் குடலை உள்ளே வைத்துத் தைக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கட்டியைச் சோதித்தபோது புற்றுநோய் என்று வந்தது. ஊசி மருந்துக்குக் கிளினிக் வரும்போதெல்லாம் வாட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும் இன்னும் மெலிந்திருப்பார். பிறகு வரவு நின்றுபோனது.

ஒரு மத்தியானம் புருசன் மட்டும் வந்தார். கையில் ஒரு பார்சல்.

“அவட முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடிஞ்சிது மிஸ்ஸி. இது உடைக்காத பை. ஆருக்கும் உதவும்.”

வாங்கிக்கொண்டேன். விறாந்தை வாங்கில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய புருசனுக்கும் அதே ஒப்பரேசன் முடிந்து, அந்த ஆளைப் பார்க்கவே பயந்து வாட்டுக்குள் வராமல் இருந்தவர். நான் அதைச் சொன்னதும், அக்காவின் புருசன் தானாகவே போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“முதல்ல கொஞ்சம் கஸ்டமாத்தான் இருக்கும். பிறகு நம்மட வீட்டு வேலையில ஒண்டாப் போயிரும்.”

“உங்கட ஆளுக்கு இப்ப எப்பிடி?” என்று அந்த அம்மா கேட்டார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நல்லாச் சாப்பிட்டவ” என்றார்.

அந்த அம்மா எழும்பி, சேலையைச் சரிசெய்துகொண்டு வாட்டுக்குள் வந்தார். அவருக்குக் கையுறை எடுக்க நான் உள்ளே திரும்பினேன்.