நாலு பேருக்கான கடல்

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும்போது ஒரு சீட்டில் பெயரையும் போன் நம்பரையும் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். குலுக்கலில் எனக்கு எதுவும் விழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. இந்தத் தடவை விழுந்தது. பரிசு வாங்க ஓட்டலுக்கு வரவேண்டும், சாப்பாடு உண்டு, ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் வரவேண்டும் என்று போனில் கண்டிப்பாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் போனால் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவிடலாம் அல்லவா? அந்த வழியை அடைக்கத்தான் அந்த நிபந்தனை. ஏ.சி. ஹாலில் வட்ட மேஜை முன்னால் உட்கார்ந்து சமோசாவையும் தின்று முடித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

அங்கே விற்றது கடல். கடற்கரை ரிசார்ட் ஒன்றில் வருடத்துக்கு ஒரு வாரம், இருபத்தைந்து வருடத்துக்கு நம்முடையது. வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஒரு படுக்கையறை என்றால் நாலு பேர் தங்கலாம், இரண்டு என்றால் ஆறு பேர். மாதத் தவணையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பணத்தின் மேல் பழியைப் போட எனக்கு வழியில்லை என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் மேஜைக்கு வந்த பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். கன்னடத்தில் ஆரம்பித்தவர், நானும் கணவரும் முணுமுணுத்துக்கொண்டதைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"தமிழா மேடம்? மொதல்லயே சொல்லியிருக்கலாமே. வீட்ல எத்தன பேரு?"

"நாலு பேரு" என்றேன். நான், கணவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், எங்களோடு இருக்கும் மாமியார்.

கணவர் என் பக்கம் திரும்பி, "உங்க அம்மா?" என்றார்.

கேட்டது அவர். இதையும் சொல்லிவைக்கிறேன். என் அம்மாவைப் பற்றி அந்த ஹாலில் நினைத்துப் பார்த்தவர் அவளுடைய மாப்பிள்ளைதான்.

"அம்மா வரமாட்டாங்க. மாப்பிள்ள செலவுல எங்கயும் வர்றது அவங்களுக்குப் புடிக்காது" என்றேன்.

நம்பும்படியாகத்தான் இருந்தது. பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிற தலைமுறை அவள். அல்சூரில் என் தம்பி வீட்டில் இருக்கிறாள். பொம்மனஹள்ளியில் இருக்கும் எங்கள் பிளாட்டுக்கு இரண்டு பஸ் மாறி வருவாள், காபி குடிப்பாள், வற்புறுத்தினால் சாப்பிடுவாள், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். ஒருநாள் ராத்திரி தங்கினது கிடையாது. கணவர் தலையாட்டிவிட்டார். ஆனால் நான் அம்மாவைக் கேட்கவே இல்லை.

அந்தப் பெண்மணி விடவில்லை. "ரெண்டு பெட்ரூமே எடுத்துக்கோங்க மேடம். இப்ப வரலன்னாலும் அப்புறம் வருவாங்க. ரெண்டு அம்மாவும் ஒரு ரூம்ல ஜாலியா பேசிட்டு இருப்பாங்க."

அவருக்குத் தெரியாது, நான் எதற்குப் பயந்தேனோ அந்தக் காட்சியைத்தான் அவர் ஆசை காட்டினார். என் மாமியார் திருவண்ணாமலைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அளந்து பேசுவார். அம்மா ஓசூர் ரோட்டில் கார்மெண்ட்ஸ் பாக்டரியில் காலம் முழுக்கச் சட்டைக் காலர் தைத்தவள். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை. தமிழ், கன்னடம், சிவாஜிநகர் உருது எல்லாம் ஒரே மூச்சில் வரும். எங்கள் கிரகப்பிரவேசத்தில் என் மேனேஜரின் மனைவியைப் பிடித்து, அவள் போட்டிருந்த குர்த்தியின் தையல் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொன்னவள். அப்போது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நானே ஒரு தீர்ப்பாக எழுதிக்கொண்டேன். அதிலிருந்து இருவரையும் ஒரு காபி நேரத்துக்கு மேல் சேர்ந்து இருக்க விட்டதில்லை. வருடத்துக்கு ஒரு வாரம், ஒரே அறையில், நான் நடுவில் நின்று ஒவ்வொரு பேச்சுக்கும் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் லீவா?

அதனால் சொன்னேன். "வயசானவங்க மேடம். இன்னும் எத்தன வருஷம் டிராவல் பண்ணப் போறாங்க? அப்புறம் அந்த ரூம் சும்மா கெடக்கும்."

வாய் ஓயாமல் பேசுவதற்கே சம்பளம் வாங்குகிற அந்தப் பெண்மணி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "சரி மேடம், ஒன் பெட்ரூமே போட்டுறலாம்" என்றார். அட்டையைத் தேய்த்ததும் யாரோ மணி அடித்தார்கள். ஹாலில் இருந்த எல்லாரும் எங்களுக்காகக் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றேன்.

மகள் அன்றே போனில் என் அம்மாவிடம் சொல்லிவிட்டாள், பீச்சில் வீடு வாங்கிவிட்டோம் என்று. விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா மைசூர்பாகோடு அல்சூருக்குப் போனேன். தம்பி குடும்பம் வெளியே போயிருந்தது. அம்மா என்னை உட்காரக்கூட விடாமல் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே ஒரு சுடிதார். கரும்பச்சையில் சின்ன வெள்ளைப் பூ.

"யாருக்கும்மா இது?"

"எனக்குத்தான். சிவாஜிநகர்ல துணி எடுத்தேன். அவன் சொன்ன ரேட்டுக்கு நக்கோ, வேணாம்னுட்டு நாலு கட ஏறி எறங்கினேன். தையல் நம்மளது." மேலே வைத்துக் காட்டினாள். "சேலையோட எறங்கினா அலை அடிச்சு கால்ல சுத்திக்குமாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. இங்க பாரு, சைடுல பாக்கெட் வெச்சிருக்கேன். கிளிஞ்சல் பொறுக்கினா போட்டுக்கலாம்."

அம்மா பயணம் என்று போனதெல்லாம் தங்கவயலுக்கும் வேலூருக்கும்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமும் சாவும். கடலைப் பார்த்ததே இல்லை. சேலை தவிர வேறு எதையும் உடுத்தி நான் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் தைத்தவள் தனக்கென்று ஒரு புது மாதிரி தைத்தது அதுதான் முதல். தையலைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம்கூட ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. சொன்னது இது. "அம்மா, அதுல நாலு பேருக்குத்தான் இடம்."

 அம்மா சுடிதாரை மடிக்க ஆரம்பித்தாள்.

"ஐய, நான் எங்க வரப்போறேன்? மாப்பிள்ள செலவுல எங்கயாவது போவேனா நானு? நல்லாவா இருக்கும்? இது சும்னே, சும்மாதான் தெச்சேன். ஏரியச் சுத்தி வாக்கிங் போறதுக்கு."

நான் அந்த ஹாலில் சொன்ன அதே சொற்கள். கேட்காமல் அவள் வாயில் நான் வைத்த பேச்சை, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள், நான் சங்கடப்படக்கூடாதே என்று. எனக்கு அவமானமாக இருந்தது. அவள் காபி போட உள்ளே போனாள். நான் மைசூர்பாகு டப்பாவின் ரப்பர் பேண்டைக் கழற்றுவதும் போடுவதுமாக உட்கார்ந்திருந்தேன்.

எப்போது வேண்டுமானாலும் பெரியதாக மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்மணி சொல்லியிருந்தார். நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிட வேண்டுமென்றால் முதலில் கணவரிடம் உண்மையைச் சொல்லவேண்டும். அம்மாவைக் கேட்காமலே அம்மா வரமாட்டாள் என்றேன், காரணம் வழக்கம் இல்லை, நான்தான் என்று. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பள்ளிக்கூடம் லீவு விட்டாகிவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அத்தைக்கு முட்டி வலி வந்து வீங்கிவிட்டது. டாக்டர் பயணம் கூடாது என்றார். அத்தை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "என் எடத்துக்கு ஒங்க அம்மாவ கூட்டிட்டுப் போம்மா. அவங்களும் எங்கயும் போனதில்லல்ல" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் இத்தனை நாள் முடிச்சுப்போட்டு வைத்திருந்ததை அவர் ஒரு வாக்கியத்தில் அவிழ்த்துவிட்டார்.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"சம்பந்தியம்மா வரலையா? முட்டிவலியோட தனியா எப்டி இருப்பாங்க?" என்றாள். "ஆள் வெச்செல்லாம் சரிவராது. நான் வந்து இருக்கேன். நீங்க மூணு பேரும் நிம்மதியா போய்ட்டு வாங்க."

"நீ வாம்மா. அத்தையப் பாத்துக்க நர்ஸ் போட்டுக்கலாம்."

"வேணாம் கண்ணு. நல்லாருக்காது அது."

இன்னொரு தடவை நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாளோ என்னவோ. நான் கூப்பிடவில்லை. சரிம்மா என்றேன். சொல்லும்போது நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கினது உண்மை. மகள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்காதவள், ஒரு வாரத்துக்குத் துணிப்பையோடு வந்து இறங்கினாள். அவள் கட்டிக்காத்த வழக்கம் அவ்வளவு சுலபமாக விலகிக்கொள்ளும் என்று அப்போதுதான் தெரிந்தது. சம்பந்திக்கு ஒரு தேவை என்றதும் விலகியது. நான் மனசார ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தாலும் விலகியிருக்கும்.

கடல் நன்றாகத்தான் இருந்தது. நாலு பேருக்கு வாங்கிய இடத்தில் மூன்று பேர் இருந்தோம். தினமும் காலையில் நாலு துண்டு மடித்து வைப்பார்கள். நான்காவது துண்டை யாரும் தொடவில்லை. மகள் பாட்டிக்கென்று கிளிஞ்சல் பொறுக்கினாள். அவளிடம் பாக்கெட்டைப் பற்றி நான் சொல்லவில்லை.

அங்கிருந்து போன் பண்ணும்போதெல்லாம் இருவரும் சுருக்கமாகப் பேசி வைத்துவிடுவார்கள். முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்த அன்று கார் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் திரும்பியதும் சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னப் பிள்ளைகள் குளிக்கிற நீச்சல்குளம் பார்க்கிங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் விளிம்பில் இரண்டு பேரும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். அம்மா கரும்பச்சைச் சுடிதாரில் இருந்தாள். முட்டிவரை நனைந்திருந்தது. பாக்டரி சூப்பர்வைசரைப் பற்றி அவள் ஏதோ கத்திச் சொல்ல, அளந்து பேசுகிற அத்தை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் ஒட்டுப்போட வேண்டியிருக்கும் என்று நான் பயந்த இடத்தில் கிழிசலே இல்லை.

மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அம்மா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்பக்கமாக லிப்டுக்கு ஓடினாள். நாங்கள் மேலே போனபோது சேலைக்கு மாறியிருந்தாள். நனைந்த சுடிதார் பால்கனிக் கொடியில் தொங்கியது. சீக்கிரம் காயட்டும் என்று பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டிருந்தாள்.

மகள் கிளிஞ்சலைக் கொடுத்துவிட்டு, போனில் படங்களைக் காட்டினாள். கடல், மணல், சாப்பாட்டு மேஜை, நாங்கள் தங்கிய இடம். அம்மா கடலைவிட ஹாலைத்தான் உற்றுப் பார்த்தாள்.

"எம்மாம் பெரிய ஹாலு. சம்பந்தியம்மா, இங்க பாருங்க. நம்ம ரெண்டு பேரும் தரையில பாய் போட்டுப் படுத்துக்கலாம் போலயே."

"தாராளமா" என்றார் அத்தை.

"அவங்க விடமாட்டாங்கம்மா. நாலு பேருக்கு மேல கூடாதுன்னு ரூல்ஸ்" என்றேன். முன்பு பழியை நம் வழக்கத்தின் மேல் போட்டேன், இப்போது அவர்களுடைய விதியின் மேல். கணவர் பெட்டியைத் திறந்து அழுக்குத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்போதும் அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.

"ரூல்ஸுன்னா சரி" என்றாள் அம்மா. இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று துணிப்பையை எடுத்தாள். பால்கனியில் சுடிதார் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கவரில் போட்டுத் தரவா என்று கேட்டேன்.

"ஈரமா எதுக்கு? இங்கயே இருக்கட்டும். அடுத்த வருஷம் நீங்க போவீங்கல்ல, அப்ப சம்பந்தியம்மாவுக்குத் துணையா நான் வந்து இருக்கணுமே. வந்தா போட்டுக்கிறேன்."

மறுநாள் காய்ந்ததும் மடித்து என் அலமாரியில் வைத்தேன். இன்னும் இருபத்துநாலு வருடம் இருக்கிறது.